1,93,000 மைல் ஓடிய டகோமா: டைமிங் பெல்ட், பிளக் இரண்டில் எதை முதலில் தொடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 2002 மாடல் டொயோட்டா டகோமா, 3.4 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக் கியர், 1,93,000 மைல் ஓடியது. நியூ ஜெர்சியில் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சினின் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திக்குகிறது. பட்டறையில் 1,100 டாலர் கேட்கிறார்கள். பெல்ட்டையும் ஸ்பார்க் பிளக்கையும் ஒரே சனி, ஞாயிறில் நீங்களே மாற்றிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது என்கிறார்களே, அப்படியானால் அறுகிற வரை ஓட்டினால் என்ன?" என்று ஒன்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிஜமாகக் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

நான் ஓமானில், மஸ்கட் வாடி கபீர் பகுதியில் ஒரு பட்டறையில் 14 வருடம் வேலை பார்த்தவன். டகோமா அங்கே வராது. ஆனால் அதே 5விஇசட்-எஃப்இ எஞ்சின் பழைய பிராடோவில் வந்தது, அதனால் அந்த எஞ்சினின் முன்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டியிருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாதது பனிக்காக உப்பு தூவும் உங்கள் ஊர் ரோடு. துருப் பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் உங்கள் ஊர் மெக்கானிக்குகள்தான் எனக்கு மூத்தவர்கள்.

முதலில் வால்வு விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது சரி. இந்த 3.4 எஞ்சினில் வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் மேலே வந்து அதில் இடிக்காது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் நின்றுபோகும், அவ்வளவுதான். இதே தைரியத்தை டண்ட்ராவின் 4.7 லிட்டர் வி8-இல் காட்டக் கூடாது, அதில் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். டகோமாவிலேயே நாலு சிலிண்டர் 2.4, 2.7 எஞ்சின்களிலும், 2005-க்குப் பிறகு வந்த 4.0 வி6-லும் பெல்ட்டே கிடையாது, செயின்தான். எனவே இணையத்தில் 'டகோமா பெல்ட்' என்று தேடிப் படிக்கும்போது எந்த எஞ்சினைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'வால்வு வளையாது' என்பதால் 'அறுகிற வரை ஓட்டலாம்' என்று ஆகிவிடாது. இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே டைமிங் பெல்ட்தான். நான் கழற்றிய பழைய பெல்ட்டுகளில் பாதிக்கு மேல் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, மேலே அச்சிட்ட எழுத்துகூட அழியாமல் இருக்கும். பக்கத்தில் பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் ஐட்லர் உருளையின் பேரிங்கைக் கையால் சுழற்றினால்தான் சங்கதி தெரியும். புது பேரிங் சத்தமே இல்லாமல், கொஞ்சம் கனத்தோடு, உள்ளே கிரீஸ் இருப்பது விரலுக்குத் தெரிகிற மாதிரி சுற்றும். கிரீஸ் காய்ந்தது சலங்கை மாதிரி கலகலவென்று ஓடும். அந்த பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோ இறுகிவிட்டால் பெல்ட்டைக் கிழித்துவிடும். பம்ப் இறுகாமல் கசிய ஆரம்பித்தால் இன்னும் மோசம்: கூலன்ட் குறைந்து எஞ்சின் சூடாகி, அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். வால்வு தப்பித்து ஹெட் போனால் என்ன லாபம்? அப்புறம், அறுகிற இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் இடது ஓரத் தடத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும்.

டொயோட்டா சொன்ன கணக்கு 90,000 மைலுக்கு ஒருமுறை. நிறைய நேரம் ஐட்லிங்கில் நிற்கிற வண்டி, மெதுவாகவே ஓடுகிற வண்டி என்றால் 60,000. உங்கள் வண்டி இரண்டாவது கெடுவையும் தாண்டிவிட்டது. சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, பெல்ட் மாற்றத்தான் வேண்டும். இதில் சந்தேகம் இல்லை.

சரி, இரண்டையும் ஒரே வார இறுதியில் செய்யலாமா என்றால், வேண்டாம் என்பேன். பிளக்கை முதலில், தனியாக ஒரு நாள் செய்யுங்கள். பெல்ட் கிட்டுக்கு ஆர்டர்கூடப் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றினால்தான் எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். உங்கள் காலை நேர மிஸ்ஸிங் தேய்ந்த பிளக்கால் வருகிறதா, வேறு எதனாலாவது வருகிறதா என்று தெரியாமல் முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டால், மாட்டி முடித்த பிறகும் மிஸ்ஸிங் இருக்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பெல்ட்டை ஒரு பல் தப்பாக மாட்டிவிட்டோமா, பிளக் வயரை மாற்றிப் போட்டோமா, இல்லை ஏற்கெனவே இருந்த கோளாறா என்று பிரித்தறிய வழியே இருக்காது. ஒரு வேலை முடித்து, ஒரு வாரம் ஓட்டி, அப்புறம் அடுத்தது.

பிளக்குக்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று. வண்டிக்கு அடியில் படுத்து ஃபிரேமைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், முக்கியமாகப் பின் சக்கரத்துக்கு முன்னால், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில். அந்தக் கால டகோமாக்களில் ஃபிரேம் துரு பெரிய விவகாரம். 2008-இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு 15 வருடத் துரு வாரண்டி கொடுத்து, ரொம்ப மோசமானவற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டது. பிறகு 2004 மாடல் வரை ஃபிரேம் பிரச்சினையைக் கவனிக்க வேண்டி வந்தது. கெடு எல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது கம்பெனியிடம் போய் நிற்க முடியாது. தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால், பெல்ட்டுக்குச் செலவு செய்வதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

பிளக் வேலைக்கு எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை கையோடு வந்துவிடும். பிளக்குக்குப் பொறி மின்சாரம் கொடுப்பது காயில். இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கு மூன்று காயில்தான். ஒரு பக்கத்து மூன்று பிளக்கின் தலையில் காயில் நேராக உட்கார்ந்திருக்கும், எதிர்ப்பக்கத்து மூன்றுக்கு அதே காயிலிலிருந்து வயர் போகும். ஒவ்வொரு வயருக்கும் டேப் ஒட்டி எண் எழுதிக்கொண்டு கழற்றுங்கள். இழுக்கும்போது ரப்பர் தொப்பியைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும், வெளியே தெரியாது. பிளக் குழிக்குள் கம்ப்ரஸர் காற்று அடித்து மண், தூசியை வெளியேற்றிவிட்டுத்தான் 16 மி.மீ. பிளக் சாக்கெட்டை இறக்க வேண்டும். கால் சுற்று தளர்த்தி, இறுக்கமாக இருந்தால் துரு நீக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிக் கழற்றுங்கள். வீம்பு பிடிக்காதீர்கள்.

கழற்றிய ஆறையும் முட்டை அட்டையில் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு காயில் இரண்டு பிளக்குக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கிறது. ஒன்றில் மின்சாரம் நடுக்கம்பியிலிருந்து ஓரத்துக்குத் தாவும், மற்றொன்றில் ஓரத்திலிருந்து நடுவுக்கு. அதனால் ஒரு பக்கத்துப் பிளக்குகளில் நடுக்கம்பி தேய்ந்திருக்கும், எதிர்ப்பக்கத்தில் ஓரக் கொக்கி தேய்ந்திருக்கும். இதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். இரண்டு கொக்கி வைத்த பிளக் டொயோட்டா போட்டதற்கும் இதுதான் காரணம்: டென்சோ கே16டிஆர்11, இல்லை என்ஜிகே பிகேஆர்5இகேபி11. இவற்றின் இடைவெளி 1.1 மி.மீ. விலை அதிகமான இரிடியம் போட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த எஞ்சினில் வித்தியாசம் கண்டதில்லை, ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து வந்ததைத்தான் கண்டிருக்கிறேன்.

இப்போது அட்டையைப் பாருங்கள். ஆறும் வெளிறிய காப்பிப் பொடி நிறத்தில், இடைவெளி மட்டும் விரிந்திருந்தால், உங்கள் மிஸ்ஸிங்குக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஒன்றின் மேல்பாதி எண்ணெயில் ஊறியிருந்தால் வால்வு கவரில் பிளக் குழியைச் சுற்றியிருக்கும் சீல் போயிருக்கிறது, அது சின்ன வேலைதான். கீழ்ப்பாதி எண்ணெய்க் கரியாக இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ராத்திரி முழுக்கக் கசிந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்துச் சரியாகிவிடும். நீங்கள் சொன்ன அடையாளமும் அதோடு ஒத்துப்போகிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அப்படி இருந்தால் பெல்ட் வேலை ஹெட் வேலையோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கேஜ் அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டினால் இரவல் தருவார்கள். இதற்கு மட்டும் எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்பது கையேட்டு விதி. சூட்டில் பிளக் கழற்றப் பயமாக இருந்தால் ஆறிய எஞ்சினிலேயே பாருங்கள், எண் கொஞ்சம் குறையும், ஆனால் ஆறுக்கும் ஒரே மாதிரி குறையும். பெட்ரோல் வராமல் இஎஃப்ஐ ஃபியூஸைப் பிடுங்கி, காயில் இணைப்பைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். சூடான எஞ்சினில் சரியான அளவு 174 பிஎஸ்ஐ, குறைந்தபட்சம் 145, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15-க்குள். இந்த வயதில் 174 வராது. ஆறும் 150-ஐ ஒட்டி இருந்தாலே கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

புது பிளக்கை முதலில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டில் சொருகி விரலால் திருகுங்கள். மரை தப்பாக ஏறினால் ரப்பர் நழுவும், ஹெட் பிழைக்கும். கடைசி இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர், அதாவது 13 அடி-பவுண்ட். மரையில் ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவலாமா என்று எப்போதும் சண்டை நடக்கும். என்ஜிகே வேண்டாம் என்கிறது. அவர்கள் மரைக்கு ஏற்கெனவே முலாம் பூசியிருக்கிறார்கள், தடவினால் வழுக்கி அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பது அவர்கள் வாதம். எங்கள் பட்டறையில் பழைய ஆட்கள் பொட்டுப் போல ஒரு துளி தடவித்தான் மாட்டுவார்கள், ஒன்றும் ஆகவில்லை. உப்பு ஊரில் எது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தடவினால் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் ஓட்டி எல்லாம் சரியாக இருந்தால் பெல்ட்டுக்கு வரலாம். பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். வாட்டர் பம்ப், இரண்டு ஐட்லர், பெல்ட்டை விறைப்பாக வைக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். ஐசின் கம்பெனியே டொயோட்டாவுக்கு பம்ப் செய்து கொடுப்பது, அவர்கள் கிட் நம்பி வாங்கலாம். எந்தக் கிட்டாக இருந்தாலும் டென்ஷனர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலதில் இருக்காது. கிராங்க், கேம் ஆயில் சீல்களை மாற்றலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. காய்ந்து சுத்தமாக இருக்கும் சீலை முதல்முறை செய்பவர் தொட வேண்டாம் என்பது என் கட்சி. பிடுங்கும்போது ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழுந்தால், இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். ஈரம் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கூலன்ட்டை எப்படியும் வடிக்கப் போகிறீர்கள், ரேடியேட்டரையும் அப்போதே பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. பழைய ரேடியேட்டரில் அது உள்ளே உடைந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும், கியர்பாக்ஸ் காலி. வண்டியோடு வந்த அதே ரேடியேட்டர் என்றால் அந்த 1,100 டாலரில் மிச்சமாகும் காசில் முதலில் அதை மாற்றுங்கள்.

வேலையின் முழு வரிசையை நான் எழுதவில்லை, டொயோட்டா சர்வீஸ் மேனுவல் படத்தோடு இருக்கிறது. அதில் அழுத்திச் சொல்லாததை மட்டும் சொல்கிறேன். ஃபேனைப் பிடித்திருக்கும் நாலு நட்டையும் வெளி பெல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்துங்கள், பெல்ட் போன பிறகு ஃபேன் கூடவே சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டை வையுங்கள், ஸ்பேனர் நழுவினால் குத்துவது அங்கேதான்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் கிராங்க் போல்ட். 19 மி.மீ. தலை, 295 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதாவது 217 அடி-பவுண்ட். நீளமான பாரை ஃபிரேமில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு நொடி சுற்றவிட்டுக் கழற்றும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். பார் நழுவிப் பறந்து ரேடியேட்டரைக் கிழித்ததையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தனியாக இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம், புல்லியைப் பிடிக்கும் கருவியை வாங்குங்கள். திரும்ப இறுக்கும்போதும் அதுதான் வேண்டும், ஸ்டார்ட்டரால் இறுக்க முடியாது. டார்க் ரெஞ்ச் வாங்கும்போதும் அளவு பாருங்கள், பல 150 அடி-பவுண்டிலேயே நின்றுவிடும். இந்த போல்ட்டைக் கை மதிப்பில் விட்டால் புல்லி ஆடி, கிராங்க் முனையில் புல்லி நழுவாமல் பிடித்திருக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டைத் தின்றுவிடும்.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க் புல்லிப் பள்ளம் 0-வுக்கு நேராகவும், இரண்டு கேம் புல்லிக் குறிகளும் பின் தகட்டுக் குறிகளுக்கு நேராகவும் இருக்க வேண்டும். கிராங்க் சரியாக இருந்து கேம் எதிர்ப்பக்கம் நின்றால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பெல்ட் கழன்றதும் ஒரு கேம் ஸ்பிரிங் விசையில் சட்டென்று திரும்பிக்கொள்ளும். உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், மாட்டும்போது ஸ்பேனரால் மெதுவாகக் குறிக்குக் கொண்டுவரலாம்.

பழைய டென்ஷனரையே திரும்பப் போடுவதானால் வைஸில் செங்குத்தாக நிறுத்தி மிக மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலைப் பிதுக்கிவிடும். புதியது, அதை அழுத்திப் பிடித்திருக்கும் ஊசி (பின்) சொருகியே வரும், அந்தப் பின்னைக் கடைசி வரை பிடுங்காதீர்கள். பெல்ட்டின் தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம்தான் இருக்க வேண்டும், மற்ற பக்கமெல்லாம் விறைப்பாக. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பிராடோவில் இதைக் கோட்டைவிட்டேன். பின்னைப் பிடுங்கியதும் இடது கேம் ஒரு பல் நகர்ந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. எல்லாம் மூடி, கூலன்ட் ஊற்றி, ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங்கில் எஞ்சின் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குகிறது. எங்கள் ஃபோர்மேன் திட்டக்கூட இல்லை. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மறுபடி முழுவதும் பிரித்து மாட்ட ராத்திரி பதினொன்று ஆனது.

அதனால் பின்னைப் பிடுங்கிய பிறகு, எதையும் மூடும் முன், கிராங்கைக் கையால் கடிகாரச் சுற்றில் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, மூன்று குறிகளும் திரும்ப நேராக வருகின்றனவா என்று பாருங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். புது பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் இப்போது எந்தக் குறியோடும் சேராது. அந்தக் கோடுகள் மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான். புல்லிக் குறிகள் நேராக இருந்தால் போதும். கோடு சேரவில்லை என்று நல்ல பெல்ட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியவர்கள் உண்டு.

நேரம் எவ்வளவு ஆகும் என்றால், எனக்கு அரை நாள். முதல்முறை செய்யும் உங்களுக்கு இரண்டு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை ஆபீஸ் போக வேறு வண்டியும் இருக்கட்டும். அந்த 1,100 டாலர் கொள்ளை இல்லை. நல்ல கிட், பம்ப், கூலன்ட், கிராங்க் போல்ட்டுக்கான கருவி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் ஆவது உங்கள் இரண்டு நாளுக்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பட்டறையில் கொடுத்தால் எந்தக் கம்பெனி கிட் போடுகிறார்கள், டென்ஷனரும் மாற்றுகிறார்களா என்ற இரண்டை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் செய்தாலும் முடிந்ததும் தேதியையும் மைலையும் மேல் கவரில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ஆறிய பிறகு கூலன்ட்டை நிரப்புங்கள், முதல் வாரம் தினமும் காலையில் மட்டம் பாருங்கள். இப்போதைக்கு ஃபிரேமைத் தட்டுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். ஆறு கம்ப்ரஷன் எண்ணையும், முட்டை அட்டையின் படத்தையும் போடுங்கள். எந்த சிலிண்டர் எது என்று பக்கத்தில் எழுதியிருந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.